முப்பத்துநான்கு வெங்காயத் தோட்டங்களின் பதில்

அச்சுவேலி,
12.08.1994

அன்புள்ள மகள் மார்கிரட்டுக்கு,

1. இதை எழுதுபவன், அச்சுவேலியில் வதியும், காணி உறுதிகள் எழுதும் பிரசித்த நொத்தாரிசும் உன் தந்தையுமாகிய சாமுவேல் கிருபைரட்ணம். ஆண்டவருடைய தயவினால் நானும் அம்மாவும் சுகம். மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு உண்டு, ஆயினும் சுகம் என்று எழுதுவதில் பொய்யில்லை. நீயும் சென்னையில் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம்.

2. நீ 1991இல் முகாமைத்துவம் என்னும் நிர்வாகவியல் ஆய்வுக்காகப் புறப்பட்டபோது, மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், அதாவது வருகிற செப்டெம்பர் முப்பதாந் திகதிக்கு முன்னர், ஆய்வு முடிந்தாலும் முடியாவிட்டாலும் வீடு திரும்ப வேண்டுமென்று ஒரு நிபந்தனை எழுதி உன்னிடம் ஒப்பமும் பெற்றேன். இன்னும் இரண்டு ஆண்டுகள் தரவேண்டுமென்று நீ மார்கழியில் கேட்டிருந்தாய். அதற்கு இதுவரை பதில் எழுதாதது என் பிழை. இக்கடிதமே அந்தப் பதில்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் எழுதுவினைஞர் சந்தியோகு கொழும்பில் வைத்தியரிடம் கண்ணைக் காட்டிவிட்டுக் கிளாலிக் கடலால் வந்து சேர்ந்தார். நீ அனுப்பிய புத்தகத்தைக் கடல்நீர் படாமல் மூன்று பொலித்தீன் பைகளுக்குள் இட்டு மடியில் வைத்தபடியே தோணியில் இருந்தாராம். இந்தியாவில் முகாமைத்துவத்தின் பல துறைகளிலும் இன்று நடைபெறும் ஆய்வுகளின் தொகுப்பு, பத்தொன்பது கட்டுரைகள், அவற்றுள் பதினான்காவது என் மகளுடையது. பொருளடக்கத்தில் உன் பெயரை முதலில் கண்டவள் அம்மா. கண்டதும் அடுப்பில் இருந்த பாலை மறந்தாள், பால் பொங்கி வழிந்தது, அதற்காக ஒருவரும் கவலைப்படவில்லை. நான் நான்கு நாட்களில் முழுவதையும் வாசித்து முடித்தேன். கோயம்புத்தூர் ஆலைகளில் தொழிலாளர் வேலைக்கு வராத நாட்களைப் பற்றி ஒருவர், குசராத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் விற்கும் பெண்கள் அதன் கூட்டத்தில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதைப் பற்றி ஒருவர், வங்கிகளுக்குக் கணினி வந்தபின் பழைய உத்தியோகத்தர் படும் பாட்டைப் பற்றி ஒருவர். எண் கணிதம் நிறைந்த பக்கங்கள் எனக்கு விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவரும் சான்றில்லாமல் ஒரு கூற்றும் கூறவில்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லவேண்டும். திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளோடு ஒப்பிடுவதற்கு இங்குள்ள வெங்காயச் செய்கையாளர் முப்பது பேரின் பதிலாவது வேண்டும், இல்லையேல் கட்டுரை தொகுப்பில் சேராது என்று உன் பேராசிரியர் சொன்னதாகப் போன வருடம் நாற்பது வினாத்தாள்கள் அனுப்பினாய் அல்லவா? அவற்றை நீ அனுப்பியபடியே கொடுக்க என் கை விடவில்லை. ஒவ்வொன்றின் தலைப்பிலும், இன்னாரின் மகன் இன்னார் இத்தால் உறுதி கூறுவது யாதெனில் என்று தட்டச்சுச் செய்து, அடியில் ஒப்பத்துக்கும் இரு சாட்சிகளுக்கும் இடம் விட்டு, பெருவிரல் மையும் தயாராக வைத்து, எல்லோரையும் நான் உறுதி எழுதும் கந்தோருக்கு அழைத்தேன். மூன்று வாரமாக ஒருவரும் வரவில்லை. கடைசியில் புத்தூர்ப் பஞ்சலிங்கம் வந்து, மைப்பெட்டியைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நொத்தாரிசையா, வெங்காயம் வித்த கதைக்கு ஏன் சாட்சி? உங்கடை மகள் இந்தியாவிலை இருந்துகொண்டு எங்கடை தோட்டக் காணியளை எழுதி எடுக்கப்போறாவெண்டு ஊரெல்லாம் கதை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். முப்பத்தோராண்டு நொத்தாரிசாக இருந்த எனக்கு, என் முன்னால் ஒப்பமிடுவதென்றால் காணி கைமாறுவது என்றே சனங்கள் நினைப்பார்கள் என்பது அன்றுவரை தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "உங்கடை பேனையைக் கண்டாலே சனம் சைக்கிள் ஏறி ஓடும், பேப்பரை இஞ்சை தாங்கோ" என்று வாங்கி, நான் தட்டச்சிட்ட தலைப்பை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாள். பிறகு புத்தூரிலும் உரும்பிராயிலும் தோட்டம் தோட்டமாகப் போய், வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டும் பெண்களோடு தானும் இருந்து கட்டிக்கொண்டே கேட்டாள். பெயர் எழுதவில்லை, ஒப்பம் வாங்கவில்லை. பதினொரு நாட்களில் முப்பத்துநான்கு பதில்கள்! சந்தை விலை ஏறுமா இறங்குமா என்பதை எப்படி அறிவீர்கள் என்ற வினாவுக்குக் குணலட்சுமி என்பவர், "யாவாரி காலமை ஆறுதலா இருந்து தேத்தண்ணி குடிச்சா விலை விழப்போகுது அக்கா, குடியாமல் ஓடித்திரிஞ்சா ஏறப்போகுது" என்று சொன்னதை அம்மா அப்படியே எழுதினாள். சாட்சியில்லாத கூற்று என்று நான் அதை நீக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை. அந்த ஒரு பதிலைப் பின்பற்றியே நீ மற்றவர்களின் பதில்களையும் ஆராய்ந்திருக்கிறாய் என்றும், செய்கையாளர் வியாபாரியின் நடத்தையிலிருந்தே விலையை அறிகிறார்கள் என்பதே புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும் தொகுப்பாசிரியர் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பந்தியை நான் சந்தியோகுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாந் தடவை அவர் தாமாகவே மனப்பாடமாகச் சொன்னார்.

ஆகவே, 1991ஆம் ஆண்டு நிபந்தனையை இன்றிலிருந்து முற்றாக நீக்குகிறேன். நீ உன் ஆய்வை முடிக்கும்வரை அங்கே தங்குவதையிட்டுப் பெருமைப்படுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தனியே தூரப் பயணம் போகாதே, விசாப் புதுப்பிக்கும் திகதியைத் தவறவிடாதே. ஆய்வுத்தாள்களுக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வை. ஆண்டவர் உனக்குத் துணையாக நின்று தொடங்கியதை நிறைவாக்குவாராக.

இங்ஙனம் உன் அப்பா,
சா. கிருபைரட்ணம்

சாட்சிகள்:
(1) சுகிர்தம் கிருபைரட்ணம்
(2) ம. சந்தியோகு

ஒப்பமிடுமுன் செய்யப்பட்ட திருத்தம்: கடைசிப் பந்தியில், "தங்குவதற்கு அனுமதி வழங்குகிறேன்" என்று இருந்தது வெட்டப்பட்டு, "தங்குவதையிட்டுப் பெருமைப்படுகிறேன்" என்று எழுதப்பட்டது. "இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு என்ன அனுமதி? பெருமையா இருக்கெண்டு எழுதினால் உங்கடை பேனை முறிஞ்சு போமோ?" என்று முதலாஞ் சாட்சி ஒப்பமிட மறுத்தமையால் இத்திருத்தம் செய்யப்பட்டது. சாட்சி கூறியது சரியென ஏற்றுக்கொள்கிறேன்.

சா. கி.