மீசை விழுந்த காட்சி

வடமதுரை,
6.1.2025

அன்புள்ள ஐரினுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். போனில் என் பெயர் வந்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் வாங்கியாக வேண்டுமே. உன் கோயம்புத்தூர் ஹாஸ்டல் முகவரியை உன் அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை, உன் தம்பி ராபினிடம் கெஞ்சி வாங்கினேன்.

சேதி இதுதான். நம் ‘வாடகை மீசை’ ஒருவழியாக முடிந்தது. பதினேழு நிமிடம். டிசம்பர் கடைசி ஞாயிறு திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். சத்தமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எவன் வருவான் என்றிருந்தேன், நாற்காலி போதவில்லை. என் தாய்மாமா மலைச்சாமி தன் மீசையை மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கோட்டும் குடையுமாகக் கத்தரித் தோட்டத்துக்குள் ஓடுவாரே, நீ வரப்பில் மல்லாந்து படுத்து எடுத்த அந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். நீ இருந்திருக்கலாம்.

கடைசிக் காட்சிதான் நம்மிடம் இல்லையே. மாமா பழனி அடிவாரத்தில் முடியும் மீசையும் இறக்குகிற இடத்தில், அந்தக் காலத்து ஊமைப் படங்களில் வருவதுபோல் ஓர் எழுத்து அட்டை வைத்துவிட்டேன். ‘இங்கே மீசை விழுந்தது. படம்பிடித்த அம்மணி லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டபடியால் தங்களுக்குக் காணும் பாக்கியம் இல்லை.’ மண்டபமே குலுங்கிச் சிரித்தது. உன்னைக் கேலி செய்வதற்காக அல்ல, ஐரின். படத்தை முடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன்.

கேரளத்தில் ஒரு குறும்பட விழாவுக்குப் படத்தை எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு செய்தவர் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் இத்துடன் இருக்கிறது, மார்ச் பத்துக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் நண்பன்,
சோலைமுத்து


கோயம்புத்தூர்,
21.1.2025

அன்புள்ள சோலை,

கிழிக்கவில்லை. மூன்று நாள் மேசையில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு பிரித்தேன். பொங்கலுக்கு வரவில்லை. இங்கே ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன், பொழுது சாய்ந்தால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் காவல். சாம்பாரில் பருப்பு எங்கே என்று தேடுவதுதான் எங்களுக்குத் தினமும் ஒரு விளையாட்டு.

அந்த ஞாயிறு மண்டபத்தில் என் அம்மாவும் இருந்தாள், உனக்குத் தெரியுமா? கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் இரண்டு பேரை, “எம்பொண்ணு எடுத்த படம், வாங்க” என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். உன் அட்டை வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள் அல்லவா, அம்மாவும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாளாம். ராபின் சொன்னான்.

உங்கள் ஊரில் வேறு மாதிரியும் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். “வேதக்காரப் பிள்ளைய வச்சு சாமிக்கு எறக்குற முடியப் படம் பிடிச்சா வெளங்குமா? அதான் ஒண்ணும் விழல” என்று மாமா வீட்டு வாசலிலேயே பேசினார்களாம். நீயும் அங்கே நின்றிருந்தாயாம். நீ என்ன பதில் சொன்னாய் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் உன்னிடம் சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு நேர்ந்துகொண்டு மாமா இரண்டு வருஷம் வளர்த்த முடி அது. நம் படத்துக்காக நேர்த்திக்கடனை எட்டு மாதம் தள்ளிப்போட்டார். ஒரே ஒரு தடவைதான் விழும் என்று தெரிந்தும், மூடியோடு கேமராவை ஓட்டிவிட்டு நின்றேனே. அந்தப் பழைய கேமராவில் நாம் பார்க்கிற துளை வேறு, லென்ஸ் வேறு. அதனால் தெரியவில்லை என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறிப் போய்ப் பார்க்கிறேன். ஆய்வகத்தில் குழாயை மூன்று தடவை திருகுகிறேன். “மூடியாச்சு மிஸ்” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கேமராவைத் தொட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, சோலை.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே சனாவுல்லா பாய் என்று ஒருவர், முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “மூடி போட்டிருந்தாலும் பிலிம் ஓரத்துல நம்பர் வரணுமேம்மா. அது கம்பெனியிலயே பதிச்சு வர்றது. டெவலப்பர்ல கழுவுனா கறுப்பாத் தெரியும். நம்பரும் வரலைன்னா கேமரா மேல தப்பில்ல, மருந்துல தப்பு” என்கிறார். அன்று நான் அழுத அழுகையில் ஓரத்தை எங்கே பார்த்தேன்? சுருள் உன்னிடம்தானே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு வரி எழுது. என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்தால் கொஞ்சம் தூங்குவேன்.

ஐரின்


வடமதுரை,
29.1.2025

அன்புள்ள ஐரினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டீச்சர் மண்டபத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

அந்தச் சுருள் இப்போது இல்லை. போகியன்று அம்மா பழைய சாமான்களோடு சேர்த்து எரித்துவிட்டாள். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளற வேண்டும்? தப்பு யாருக்கும் வரும், நான் உன்னை ஒரு நாளாவது குற்றம் சொல்லியிருக்கிறேனா? நீ மறுபடி கேமராவை எடு.

படிவத்தை மறந்துவிடாதே. ஆயக்குடிக் கொய்யா ஒரு பெட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு. வேறு ஒன்றும் இல்லை.

சோலைமுத்து


கோயம்புத்தூர்,
6.2.2025

அன்புள்ள சோலை,

கொய்யா வந்த ஐந்தாம் நிமிடம் பெட்டி காலி. நான் இரண்டை ஒளித்துவைத்துக்கொண்டேன்.

சுருள் போனால் போகட்டும். நீ சொல்வதும் சரிதான். என் மேல் இருக்கிற பழியை எந்த எண்ணாவது வந்து துடைத்துவிடாதா என்று ஓர் அல்ப ஆசை, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் உழைப்பு என்னால் நின்றுபோகக் கூடாது. அட்டையும் அப்படியே இருக்கட்டும், நடந்ததைத்தானே எழுதியிருக்கிறாய்.

இத்துடன் தனித்தாள் ஒன்று இருக்கிறது, அது மலைச்சாமி மாமாவுக்கு. நேரில் வந்து காலில் விழ எனக்குத் தைரியம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். மாமா கண்ணாடி போட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் நீயே வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே.

ஐரின்


வடமதுரை,
13.2.2025

ஐரின்,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிப்பதில்லை.

மூடி கழற்றித்தான் இருந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வந்ததும் சேர்ந்து கழுவுவதாகத்தானே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. நீ வந்து நிற்கும்போது மாமாவின் மீசை விழுகிற படத்தைத் தொங்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று காலையிலேயே குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்தேன். டெவலப்பரும், அதற்குப் பிறகு ஊற்ற வேண்டிய ஹைப்போவும் ஒரே மாதிரி எண்ணெய் கேன்களில் இருந்தன. இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க, ஹைப்போ கேன் கழுத்தில் நீ ஒரு ரப்பர் பேண்டு போட்டுவைத்திருந்தாய். முதல் நாள் ராத்திரி அதைக் கழற்றியவன் நான்தான். எதற்கென்று எழுதவே கூசுகிறது. பழனியில் நாவிதர் மாமாவின் மீசையை வழித்துப் போட்டபோது, யாரும் பார்க்காமல் ஒரு பிடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். படத்தின் போஸ்டரில் ஒட்டலாம் என்று ஒரு கிறுக்கு யோசனை. அந்த முடியைக் கட்டத்தான் ரப்பர் பேண்டு. மறுநாள் இரண்டு கேனையும் தடவினேன், இரண்டும் மொட்டைக் கழுத்து. இடது பக்கம் இருப்பதுதான் டெவலப்பர் என்று நினைத்து வாளியில் ஊற்றினேன். ஜலதோஷத்தில் வாடையும் தெரியவில்லை. ஹைப்போ முதலில் விழுந்துவிட்டது. இருந்த படம் அத்தனையும் கரைந்து, சுருள் கண்ணாடியாக வெளியே வந்தது.

நீ வந்தாய். பார்த்தாய். “மூடியக் கழத்தலையோ?” என்று உன்னையே கேட்டுக்கொண்டாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, பொய்கூட நான் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டு திரிந்தேன். ஊரார் உன் மதத்தை இழுத்துப் பேசியபோது, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சாமி குத்தம் என்று ஒன்று இருந்தால், சாமிக்குப் போக வேண்டிய முடியைத் திருடிய என் மேல்தான் அது. பிறகு அட்டையும் எழுதினேன். கைதட்டல் கேட்டபோது சந்தோஷப்படவும் செய்தேன்.

சுருளை அம்மா எரிக்கவில்லை. அதுவும் பொய்தான்.

நேற்று உன் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மாமா அவரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ‘உங்கள் நேர்த்திக்கடனைக் கெடுத்தவள் நான், மாமா’ என்று நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

“வாசி மாப்ள, ஏன் நிறுத்திட்ட?”

சொல்லிவிட்டேன். ரப்பர் பேண்டு வரைக்கும் சொன்னேன். மாமா போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

“அப்ப அந்தப் பிள்ளை மேல ஒண்ணுமே இல்லியா?”

“இல்ல மாமா.”

“வாசல்ல அம்புட்டுப் பேரு பேசுனப்ப நீயும் நின்னேல்ல?”

“நின்னேன்.”

“நானும்ல ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். என் வாயில மண்ணத்தான் அள்ளிப் போடணும். ஏலே, கெளம்பு. திண்டுக்கல்லுக்குப் போறோம்.”

சேற்றுக்காலைக்கூட சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினார். உங்கள் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தாயி, தெரியாமப் பேசிப்புட்டோம். எம்மருமகன் பண்ணுன வேலைக்கு உங்க பிள்ளையச் சொல்லிப்புட்டோம்” என்றார். டீச்சர், “உள்ள வாங்கண்ணே” என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்தார்கள். என்னிடம் எப்போதும் போல, “சாப்ட்டியா சோலை?” என்றார்கள். “டீச்சர், நான்தான்...” என்று ஆரம்பித்தேன். “கேட்டுச்சுப்பா. காபியக் குடி, ஆறுது” என்றார்கள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

படத்திலிருந்து அட்டையை வெட்டி எறிந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் சிரித்த இருநூறு பேரை எங்கே தேடிப் பிடித்துச் சொல்வேன்? விழாவுக்குப் படத்தை அனுப்பப் போவதில்லை. உன் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கையில் எடுக்கவே எனக்கு அருகதை இல்லை. சுருளை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

சோலைமுத்து


கோயம்புத்தூர்,
24.2.2025

சோலைமுத்துவுக்கு,

சுருளை டியூப் லைட்டில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன். எண் இல்லை. சனாவுல்லா பாயிடமும் காட்டினேன். “உன் கை சுத்தம்மா” என்றார். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதேன்.

மருந்தை மாற்றி ஊற்றியதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருட்டில் யாருக்கும் கை மாறும். அன்று நான் பூசை முடிந்து வந்து நின்றபோது சொல்லியிருந்தால், உன் தலையில் நறுக்கென்று நான்கு குட்டு வைத்திருப்பேன். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்போம். அதற்கு மேல் என்ன? முடிதானே, வளரும். மாமாவிடம் இரண்டு பேருமாகப் போய்க் கெஞ்சியிருந்தால், திட்டிக்கொண்டே வளர்த்திருப்பார். ஒரு வருஷம் ஆகியிருக்கும். இப்போதும் ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது.

அம்மா உனக்குக் காபி கொடுத்தது அவள் சுபாவம். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. கூட்டத்தோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்ததே என்று அவள் இப்போதும் எனக்கு போன் போட்டு அழுகிறாள். நானும் வெட்கப்படுகிறேன். நீ தலையாட்டியதும், வேறு யாரிடமும் கேட்காமல் என் கையை நானே சந்தேகப்பட்டேனே, அதற்காக.

விழாவுக்குப் படத்தை அனுப்பு. அந்தப் பதினேழு நிமிடமும் நான் வெயிலிலும் சேற்றிலும் கிடந்து எடுத்தது. உன் வெட்கத்துக்காக என் வேலையை மூட்டை கட்டிப் பரணில் போட உனக்கு உரிமை இல்லை. என் பெயரைப் பெரிதாகப் போடு.

முந்தாநாள் மாமா போன் செய்தார். “தாயி, போன தடவ எறக்குனது கணக்குல சேராது. மறுபடி வளக்குறேன். அடுத்த மாசியில எறக்குறப்ப நீயே வந்து படம் எடுக்கணும்” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிலிம் நான் வாங்கிக்கொள்கிறேன், கழுவுவதும் நானே.

அன்றைக்கு நீ அங்கே இருக்க வேண்டாம்.

ஐரின்