நானூறு டிகிரி

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன் கால்வலி எப்படி இருக்கிறது? அண்ணியிடம் கேட்டால்தான் உண்மை வரும்.

இது வேலை விஷயம். விமான இன்ஜின் போல்ட் செய்ய எங்களுக்கு வந்த டைட்டானியம் கம்பிகளுக்கு உன் சோதனைக்கூடம் தந்த அறிக்கையைப் படித்தேன். நானூறு டிகிரி சூட்டில் அறும்வரை இழுத்துச் சோதித்தபோது பலம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்ததாம். அதே கம்பியை நானும் இழுத்தேன். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அறுவதற்கு முன் நன்றாக நீளவும் செய்தது. சூடு ஏறிய கம்பி உன் அறிக்கையில் உள்ளதுபோல் விறைத்துக்கொண்டு நிற்காது அண்ணா. கீழே உன் கையெழுத்து இருக்கிறது. மறுபடி பார்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கால்வலி தேவலை. நீ பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாளிலிருந்து நான் கம்பி இழுக்கிறேன். எண் நன்றாக வந்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம், உனக்கு மட்டும் சந்தேகம். முதலில் உன் மெஷினைச் சரிபார். அறிக்கை தப்பென்றால் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த என் பேர் கெட்டுவிடும். அதை நீயா செய்யப்போகிறாய்?

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

மெஷினைச் சரிபார்த்துவிட்டேன். மூன்று கம்பி இழுத்தேன், மூன்றும் ஒரே கதை. உங்கள் ஆபரேட்டரிடம் போனில் கேட்டேன். "தெர்மோகப்பிள் உலைக்குள்ள சும்மா தொங்குது மேடம். நானூறு காட்டினதும் இழுத்துடுவோம்" என்றார். அது அளந்து காட்டுவது உலைக்குள் இருக்கும் காற்றின் சூடு. கம்பிக்கு அந்தச் சூடு வரவே இல்லை. தெர்மோகப்பிளைக் கம்பியின் மேலேயே கட்டு. நானூறு வந்தபின் இருபது நிமிடம் பொறு. பிறகு இழு.

நான் சொல்வது சரி, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. திங்கட்கிழமைக்குள் அறிக்கையைத் திரும்பப் பெறு. இல்லையென்றால் உங்கள் நிர்வாகத்துக்கு நானே எழுதுவேன். எழுதிவிட்டு அழுவேன், அது வேறு.

உன் தங்கை

மார்ச் 18

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடி கட்டினேன். அந்த இருபது நிமிடமும் உன்னைத் திட்டிக்கொண்டே பொறுத்தேன். கம்பி நன்றாக நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கி, பிறகுதான் அறுந்தது. உன் எண்தான் வந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மேனேஜர், "நாம சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "என் தங்கச்சிக்குத் தெரியும் சார்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அதே உலையில் சோதித்த கம்பிகளுக்கு இன்னும் பதினோரு அறிக்கைகள் வெளியே போயிருக்கின்றன. எதுவும் உங்கள் கம்பெனிக்கு வந்ததில்லை, உன் கண்ணில் படவும் வழியில்லை. பதினோரு பேருக்கும் இன்று கடிதம் போட்டுவிட்டேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார் மேனேஜர். இந்தச் சோதனைக்கூடத்தில் நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது அவற்றில்தான்.

அண்ணன்