வாயில்லாப் பாட்டு

என் பாட்டுக்கார அப்பாவுக்கு,

நீ போன மறுவாரம் பஸ்ஸிலிருந்து உன் துண்டையும் டிபன் டப்பாவையும் பென்டிரைவையும் எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டுகளை என் போனில் ஏற்றிக்கொண்டேன். பட்டியலைப் பார்க்கவில்லை. ஷஃபிளில் விட்டுவிட்டேன். நீ அதைக் குலுக்கல் என்பாய். "குலுக்கல்ல போடு பாப்பா. இன்னா வருதோ அதான் இன்னிக்கி டூட்டி."

தண்டலத்திலிருந்து ஒரகடத்துக்கு நீ ஓட்டிய கம்பெனி பஸ்ஸில், புதிதாக ஏறுகிறவர் ஒரு பாட்டுத் தர வேண்டும் என்பது உன் சட்டம். அதனால் என்னென்னவோ வருகிறது. ஒடியா கல்யாணப் பாட்டு. நையாண்டி மேளம். நம் சர்ச் கொயர். நடுவே எந்த ஊர் என்றே தெரியாத ஒரு வயலின். இத்தனை பேரை உனக்குத் தெரியுமா? எனக்கு உன்னை எவ்வளவு தெரியும்?

பாடகர் இல்லாத இசைக்கு நீ வைத்த பெயர் வாயில்லாப் பாட்டு. அது வந்தால் நீயே வாய் கொடுப்பாய். நிறுத்தங்களின் பெயர்களை மெட்டில் போட்டுப் பாடுவாய். காலேஜ் லீவில் கூட வந்தபோது, மானம் போகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு புல்லாங்குழல் வந்தது. வழக்கம்போல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடாமல், இந்த முறை கேட்டேன். உன் பாட்டில் தண்டலம் நினைவு வந்தது. வல்லம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. மறந்துவிட்டேனா? இல்லை, வல்லம் வருவதற்குள் காதில் இயர்போன் மாட்டியிருந்தேனா?

இப்போது நானும் அந்தக் கம்பெனியில்தான். குவாலிட்டி செக்‌ஷன். அதே பஸ். நேற்று காலை ஷிஃப்டுக்குப் போகும்போது புது டிரைவர் அண்ணன் என் போனை பஸ் ஸ்பீக்கரோடு இணைத்தார். குலுக்கலில் அந்தப் புல்லாங்குழல். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.

பின்சீட்டில் யாரோ பாடினார்கள். சுனிதா அக்கா. ஒடிசாக்காரர், அசெம்பிளி லைன், தமிழ் அரைகுறை.

"தண்டலம் ஏறு, வல்லம் எறங்கு, டப்பா எடுத்துக்கினியா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா..."

கடைசி வரை. உன் 'கினு' உட்பட.

நான் திரும்பியதும் சிரித்தார். "டிரைவர் அண்ணா குடுத்த தமிழ். மொதல்ல இதான் கத்துக்கினேன். பொண்ணு நீ, தெரியாதா?"

தெரியாது என்றேன். ஒரகடம் வரும்வரை திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன்.

அப்பா, இனி வாயில்லாப் பாட்டு வந்தால் தள்ளிவிட மாட்டேன். வாய் நான் கொடுக்கிறேன். கூச்சம் போகாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாவது பாடுவேன்.

வூட்ல சொல்லிக்கினு கிளம்பிய,
உன் பெரிய பொண்ணு