தலைகீழாய் மடித்த தாள்

786
லாபு எஸ்டேட், 1943

சைதூன் பீவிக்கு உன் மச்சான் மதார் மைதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் எனக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. உம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

நாகூரில் ஒற்றைக் கையச்சு யந்திரத்தோடு தொடங்கிய நம் புத்தகக் கம்பெனி, மலாயாவரை வந்து கிளை போட்டது பெரிய சரித்திரம்தான். ஜப்பான்காரன் வந்தபின் அந்தக் கிளையில் மிச்சம் நான் ஒருவன்.

புகையிலை சுருட்டத் தாள் இல்லாததால், தோட்டத்து ஆட்கள் கிழங்கு கொடுத்து என் புத்தகங்களை வாங்கிப்போகிறார்கள். நேற்று கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி ஒன்றை விரித்துச் சிரித்தார்.

"பாய், எட்டுப் பக்கம் தலைகீழா இருக்கு லா! இதுல சுருட்டிக் குடிச்சா புகை கீழல்ல போவும்?"

நானும் சிரித்தேன். ஆனால் அதை மட்டும் கொடுக்கவில்லை. கம்பெனிக்குத் தாள் மடித்துத் தைப்பவள் நீ. பேசிக்கொண்டே மடித்தால் உனக்குத் தாள் புரண்டுவிடும் என்று எனக்குத் தெரியாதா?

இந்தியாவுக்குத் தபால் போவதில்லை. அதனால் அந்தப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளிலேயே இதை எழுதுகிறேன். கப்பல் ஓடினால் நானே கொண்டுவருவேன். அட்டை பிய்ந்திருக்கிறது, நல்ல நூலாகக் கொஞ்சம் எடுத்து வை. பென்சில் தேய்ந்துவிட்டது.

தைக்கும்போது அந்தத் தலைகீழ்த் தாளை மட்டும் திருத்திவிடாதே.