கப்பலில் கடைசி ஆள்

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுரேனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி பவித்ரன் மூவரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று கேட்பது முறை, ஆனால் தண்ணீரும் அரிசியும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை படகில் வருகிற இடத்தில் ஒற்றை ஆளாகக் கிடக்கிறவனிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா, கால் வீக்கம் வடிந்ததா? அந்தத் துறைமுகத்து மாலுமிகள் சங்கத்துப் பாதிரியாருக்கு இதை அனுப்பி வைக்கிறேன், அடுத்த படகில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைப்பாய். நீ போன் அடிக்கிற பத்து நிமிடமும் உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்ல வந்தது அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. ஒரு வாரமாக மாலையானால் மழை, பின்பக்கக் கூரை பழையபடி ஒழுகுகிறது, நான் ஏறிப் பார்க்கிறேன் என்றால் அம்மா விடுவதில்லை. அவளுக்கு முழங்கால் வலி. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. உன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்த கையோடு கப்பல் பேருக்கும் செய்யச் சொல்வாள், உனக்குத்தான் தெரியுமே. போன மாதம் நீ அனுப்பிய படத்தில் கப்பல் முகப்பில் பெயிண்ட் உரிந்து அடியில் வேறு பெயர் தெரிந்தது, அதற்கும் அடியில் இன்னொன்று. அதைப் பவித்ரன் பெரிதாக்கிக் காட்டியது தப்பாய்ப் போயிற்று. இத்தனை நாளும் தப்பான பேருக்கு வேண்டிக்கொண்டிருந்தேனோ என்று அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இப்போது மூன்று பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். குருக்களும் முகம் சுளிக்காமல் மூன்றையும் வாசிக்கிறார், அந்த இங்கிலீஷ் பெயர்கள் அவர் வாயில் என்ன பாடுபடுகின்றன என்று கேட்டால் உனக்கே சிரிப்பு வரும்.

நம் மோட்டார் சைக்கிளுக்கு மேல் போட்டிருக்கிற பேனரைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டேன் என்று நீ சொன்ன வாரம் கோயில் தலைவர் சன்னாசி செய்து மாட்டிய பேனர் அது. எண்ணெய்க் கப்பலின் பொறுப்பாளராக உயர்ந்த எங்கள் புந்தோங் மைந்தனுக்கு வாழ்த்துகள் என்று கொட்டை எழுத்தில் போட்டு, யூனிஃபார்மில் உன் படம். நான்தான் படத்தைக் கொடுத்தேன். நான்தான் உயர்ந்த என்று போடச் சொன்னேன். அன்றைக்கு ஆட்டுக்கறி சமைத்துத் தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்தேன், தாமான் குடியிருப்புப் பக்கம் இருந்துகூட ஆள் வந்தார்கள், எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் விடிவதற்குள் நானே போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மழைக்கு மோட்டார் சைக்கிளை மூடுகிறோம். உன் முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி திருப்பித்தான் போடுவேன்.

நீ அன்று கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. முதலாளி கம்பெனி போனையே எடுப்பதில்லை, கேப்டன் போய்விட்டார், கப்பலுக்கு யாராவது ஒருவர் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் மற்றவர்களையெல்லாம் ஊருக்கு அனுப்புவதாகக் கோர்ட்டில் சொல்கிறார்கள், போடவா அப்பா என்று கேட்டாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "போடுலா, என்னா யோசிக்கிற. கப்பல அனாதையா விட்டுட்டு வரக் கூடாது" என்றேன். போனை வைத்ததும் அம்மாவிடம், பார்த்தாயா இருபத்து நாலு பேரில் என் மகனைத்தான் நம்பிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். கப்பல் விற்கிற வரைக்கும் நீ அதைவிட்டு இறங்க முடியாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஒவ்வொருவராக அனுப்பி, கடைசியாக இருந்த சமையல்காரனும் போன மாதம் இறங்கிப் போய்விட்டான் என்று நீ சொன்னாயே, அன்றைக்குத்தான் நான் செய்தது எனக்கு முழுதாக உறைத்தது.

எனக்குத் தெரிந்த கப்பல் எல்லாம் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்து ஆற்றில் நான் ஓட்டிய ஃபெரிதான். தட்டையான இரும்புப் படகு. ரப்பர் பால் பீப்பாய், பால்மரம் வெட்டுகிற ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருமுறை மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாண ஜோடி, எல்லாம் அதில்தான் அக்கரைக்குப் போகும். அதில் ஒரு சட்டம், ஓட்டுகிறவன் கடைசியாகத்தான் இறங்க வேண்டும், கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பதினாறு வருடம் அதைச் செய்தேன். நீ பிறந்த வருடம் பாலம் வந்தது, ஒரே வாரத்தில் ஃபெரியை இழுத்துக்கொண்டு போய் இரும்புக்கு அறுத்துவிட்டார்கள், தோட்டமும் கொஞ்ச நாளில் கைமாறிச் செம்பனை நட்டார்கள். எனக்கு வேலை போயிற்று, ஈப்போவுக்கு வந்து ராத்திரிக் காவலுக்கு நின்று ஜாகா வேலை பார்த்துத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். ஆனால் சுரேன், அன்றைக்குத் தோட்டத்துத் துரையே படித்துறைக்கு வந்து நின்றார். பின்னாலேயே ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி என் கார்டையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு வந்தான். திட்டுவதற்காவது எதிரே ஒரு மூஞ்சி இருந்தது. உன் கப்பல் முந்நூறு மீட்டர் நீளம், நம் தெரு அளவு. எண்ணெய்க்கு நல்ல விலை இருந்தபோது அதற்காகத் துறைமுகங்கள் காத்திருந்தனவாம், அப்புறம் எண்ணெய் விற்காமல் போய் மாதக்கணக்கில் அதிலேயே தேக்கி வைத்தார்களாம், அப்புறம் பழசாகிவிட்டது என்று ஒருவன் இன்னொருவனுக்குத் தள்ளி, கொடியை மாற்றி, பெயரை மாற்றி, கடைசியில் யாருடையது என்றே தெரியவில்லை. இவ்வளவு பெரிய கப்பலுக்கு முதலாளி இல்லை என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. நானே வெகுநாள் நம்பவில்லை.

கோலாலம்பூருக்கு நானும் தம்பியும் நாலு முறை போய்விட்டு வந்தோம். எல்லா ஆபீசிலும் மரியாதையாகப் பேசுகிறார்கள், காப்பி கொடுக்கிறார்கள், மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். கப்பல் மூன்று முறை ஏலத்துக்கு வந்து மூன்று முறையும் கேட்க ஆள் இல்லை. உடைத்து இரும்பாக விற்றாலும் துறைமுகத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்கே போதாதாம், அப்புறம் எவன் வாங்குவான்? இனிமேலும் வாங்க மாட்டான் என்று வக்கீலே சொல்லிவிட்டார். உன்னிடம் இதை மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது. போன தடவை நான் உனக்குத் தெரியாமல் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போனேன், என் மகனுக்குப் பதில் என்னைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான். ஃபெரி ஓட்டிய கார்டையும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஆத்துக்கு மட்டும்தான். உங்களுக்கு வயசும் ஆயிருச்சு" என்றாள். கடல் சான்றிதழ் உள்ள மாலுமி ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் மட்டும்தான் ஆளை மாற்றுவார்களாம். அதை எழுத்திலும் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதத்தைத் தம்பி படித்துவிட்டான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். அவனும் கடல் சான்றிதழ் வாங்கிய மாலுமிதானே, தீபாவளியிலிருந்து லீவில்தான் இருக்கிறான், அடுத்த கப்பலுக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை. போன திங்கட்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் போறேம்பா. அண்ணே ரெண்டு வருஷம் இருந்துட்டாரு, இனிமே என் முறை" என்று சொன்னான். பேச்சு அவ்வளவுதான், எழுந்து கை கழுவப் போய்விட்டான். உன் அம்மா என்னைப் பார்த்து, "ரெண்டு புள்ளைல எவன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா. மறுநாள் காலையில் அவன் கடைக்குப் போயிருந்தபோது அவனுடைய மாலுமிப் புத்தகத்தை எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரம் என்று பொய் சொல்லி, சன்னாசி கடை இரும்புப் பெட்டியில் கொடுத்துவிட்டேன். சன்னாசி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். உன்னை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை நான்தான் பூட்டினேன், இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. ஆனால் பூட்டியும் பயனில்லை, புத்தகம் தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து வேறு ஒன்று வாங்கிவிடுவான், படித்த பையன். அவனுக்கு அதற்கு மேல் ஒரே ஒரு காகிதம்தான் வேண்டும். இப்போது பொறுப்பில் இருக்கிறவர் ஒப்படைக்கச் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அது நீ.

சுரேன், எழுதித் தராதே. இதைக் கேட்கிற எனக்கு நாக்கு அழுகிப் போக வேண்டும். நான் உனக்குப் பிள்ளை இல்லையா என்று நீ கேட்கலாம், கேள். போன முறை நீ, லைட் இல்லாத படிக்கட்டில் இறங்கும்போது பேசிக்கொண்டே இறங்குகிறேன் அப்பா, என் குரலைக் கேட்டு நானே பயந்துபோகிறேன் என்று சொன்னாய். அதைக் கேட்ட நான் இருபத்தைந்து வயது பையனை எப்படி அதே படிக்கட்டுக்கு அனுப்புவேன்? அனுப்பினால் நீ வந்துவிடுவாய், உண்மை. வாசலில் நீ நிற்பதை இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் நீ தாங்க மாட்டாய். ஆனால் அப்புறம் அவனுக்கு யார் வருவார்? அவனை மாற்ற இந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை கிடையாது. என் வாயால் ஒரு பிள்ளையைக் கையெழுத்துப் போட வைத்தேன், இரண்டாவது பிள்ளையும் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. நான் சொல்லாவிட்டாலும் நீ தம்பியை வரவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நீ. தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே ஏதாவது ஒரு நாள் காய்ச்சலிலோ பசியிலோ சரி என்று உன் வாயில் வந்துவிடலாம். உன் இடத்தில் நான் இருந்தால் முதல் வாரத்திலேயே சரி என்று சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரிந்தால் அவள் என்னோடு இருக்க மாட்டாள், அதில் தப்பும் இல்லை.

தொட்டித் தண்ணீரில் துரு இருந்தால் துணியில் இரண்டு முறை வடிகட்டிக் காய்ச்சிக் குடி. நடுப்பகலில் இரும்புத் தளத்தில் வெறுங்காலோடு நடக்காதே. பாதிரியாரிடம் உப்பும் புளியும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், ரசமாவது வைத்துக்கொள். தாடியை எடு, அடுத்த முறை படம் அனுப்பினால் அம்மாவுக்குக் காட்ட வேண்டும். நான் வேண்டாத சாமி இல்லை, எதுவும் காது கொடுத்த மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் நீ நல்லபடி இருக்க வேண்டும் என்று அப்பாவின் ஆசீர்வாதம், அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும் உனக்கே.

ஒன்றை மறந்துவிடாதே. தம்பி போனில் கேட்பான். வேண்டாம் என்று சொல்லும்போது குரல் தடுமாறாமல் சொல், இங்கே நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்துக்கொண்டே சொல். ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன அப்பா,
பத்துமலை