சிவப்பும் வெள்ளையும் பூசிய கல்

மாப்ளே,

நம் ஏரிக்குள் கல் நட்டுவிட்டார்கள். கன்னிமார் கோயிலுக்குப் பின்னால் தொடங்கி, ஆடு மேய்க்கிற மேடு வரைக்கும் வரிசையாக நிற்கிறது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை. பக்கத்தில் போனால் புதுப் பெயிண்ட் நெடி இன்னும் அடிக்கிறது. அது மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. கரையில் உட்கார்ந்து, நீ போய்ச் சேர்ந்த பிறகு முதல் முறையாக உன்னை வாய்விட்டுத் திட்டினேன். இப்படி ஒரு நேரத்தில் என்னைத் தனியாக மாட்டிவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

பீரங்கிக் குண்டுக்கு மருந்து நிரப்புகிற ஆலை வரப்போகிறதாம். நாலு வருஷமாக ஏரி நிரம்பவில்லை, அதனால் அது தரிசு என்கிறார்கள். புதன்கிழமை கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர் சார்பில் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். "அவருகூடவே சுத்துனவரு நீங்கதானுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நான் உனக்கு மைக் பிடித்துக் கொடுத்த ஆள். மைக்கில் என் குரலை நானே கேட்டதில்லை.

அந்த மாதிரிக் கல்லை நாம் முதலில் பார்த்தது ஆப்பிரிக்காவில். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு நம் முதலாளி திருச்செங்கோட்டுக்காரர் நம்மை அங்கே அனுப்பிவைத்த வருஷம். சண்டை ஓய்ந்து வெகுகாலம் ஆன ஊர் என்று சொல்லித்தான் அனுப்பினார். எந்த ஊர் மண்ணில் துளை போட்டாலும் முதல் பைப் இறங்குவதற்கு முன்னால் அந்த ஊர் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட வேண்டும் என்பது நம் ரிக் வண்டிக்காரர்கள் வழக்கம். அங்கே எந்தச் சாமியைப் போய்த் தேடுவது என்று எல்லோரும் முழித்தோம். நீதான் புதருக்குள் அந்தக் கல் வரிசையைக் கண்டுபிடித்தாய்.

"அட, காவியும் சுண்ணாம்பும் மாப்ளே. இங்கயும் நம்ம சாமிதான் இருக்குது பாரு."

நம் ஊர்க் கோயில் மதில் மாதிரியேதான் இருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் கற்பூரத்தோடு கல்லைத் தாண்டி உள்ளே நடந்தாய். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண், குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். அவள் பாஷை நமக்குத் தெரியாது. ஆனால் அது "நில்" என்று யாருக்கும் விளங்கும். தூக்கிய கால் தூக்கியபடி நீ நின்றாய்.

வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் கண்ணிவெடி. அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது. சாமி கும்பிடப் போய் அதற்குள் கால் வைத்தவர்கள் உலகத்திலேயே நாம் மட்டும்தான் இருப்போம். புழுதியில் உன் வெறுங்கால் தடம் பதிந்திருந்தது. அவள் கையைக் காட்டக் காட்ட, நீ திரும்பாமல், பின்பக்கமாகவே, உன் தடத்தின் மேலேயே கால் வைத்து வந்தாய். வந்து உட்கார்ந்ததும் உன் பல் கிட்டித்துக்கொண்டது. அவளும் உட்கார்ந்து அழுதாள். தன் முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினாள். யாருக்குப் போன கால் என்று கேட்க நமக்கு வார்த்தை இல்லை.

ஊர் திரும்பிய பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். கிராம சபையில் தெருவிளக்கு கேட்பார்கள், சாக்கடை கேட்பார்கள். நீ எழுந்து, உலகத்தில் எந்த நாடும் கண்ணிவெடி புதைக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்வாய். "அது பஞ்சாயத்து அதிகாரத்துல வராதுங்களே" என்று கிளர்க் தலையைச் சொறிவார். "மண்ணு பஞ்சாயத்தோடதுதானுங்களே, எழுதிக்குங்க" என்பாய். சாயத்தண்ணீர் வாய்க்காலில் கலந்தபோதும் நீதான் முதலில் போய் மறியலில் உட்கார்ந்தாய், அங்கேயும் அணுகுண்டைப் பற்றித்தான் பேசினாய். வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் இவன் வல்லரசுகளைப் பற்றிப் பேசுகிறானே என்று ஊரே கிண்டல் செய்தது. வார்டு தேர்தலில் நின்றாய். உன் வீட்டு ஓட்டும் என் வீட்டு ஓட்டும் மட்டும்தான் விழுந்தன. உன் வீட்டில் ஒன்று குறைந்தது என்று உன் மனைவியை நீ கடைசிவரை சந்தேகப்பட்டாய்.

"குண்டு வுழுகுற ஊரும் குண்டு செய்யற ஊரும் எனக்கு ஒண்ணுதான் மாப்ளே. ரெண்டு எடத்துலயும் கெணத்துத் தண்ணியக் குடிக்க முடியாது." இதை எத்தனை மேடையில் சொன்னாய். அப்போதெல்லாம் குண்டு எங்கோ செய்கிற சாமான் என்றுதான் எனக்கு நினைப்பு. மைக்கைப் பிடித்தபடி கொட்டாவி விட்டிருக்கிறேன்.

இப்போது தூக்கமே வருவதில்லை. போன வாரம் டீக்கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரணச் சட்டை, நல்ல மரியாதை. "கூட்டத்துல நீங்கதான் பேசறீங்களாமே, பேசுங்க, பேசுங்க" என்றார்கள். டீயைக் குடித்துவிட்டு, "பையன் எந்த லேத் பட்டறையிலங்க இருக்காரு?" என்று கேட்டார்கள். நான் சொல்வதற்குள் ஒருவர் பட்டறைப் பெயரைச் சரியாகச் சொன்னார். நான் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பையனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "அப்பா, அந்தக் கம்பெனி ஆர்டருக்குத்தான் எங்க ஓனரு காத்துட்டு இருக்காரு. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு ஊட்டுலயே படுத்துக்குங்க." அவன் கெட்டவன் இல்லை மாப்ளே. அவனுக்கும் பயம். அந்தப் பட்டறையில் அவன் எதைக் கடைந்து கொடுப்பான், அது எந்த ஊரில் எவள் குடத்துக்குப் பக்கத்தில் போய் விழும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்துக்கொள்வது என்றே முடிவு செய்திருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலை மறுபடியும் கரைக்குப் போனேன். ஆடு ஓட்டிக்கொண்டு நம் ராமாயி அக்கா வந்தது. ஆட்டை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றியது. சுருக்குப்பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்து நடந்தது. காற்று என் பக்கம் அடித்தது. கற்பூரம்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அந்தப் பெண் கத்தியது போலத்தான் இருந்திருக்கும். ஆடுகள் மிரண்டு சிதறின. அக்கா தூக்கிய காலோடு நின்றது.

"என்ன சாமி, பாம்பா?"

"இல்லக்கா."

"பின்ன? கன்னிமாருக்குப் பொறத்தால புதுசா சாமி நட்டுருக்காங்களேன்னு கும்புடப் போனேன். அதுக்கு ஏஞ்சாமி இந்தக் கத்துக் கத்தறே?"

அங்கே ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த கோரையும்தான் கிடந்தன. கல் என்ன கல் என்று சொன்னேன். குண்டு ஆலை என்றதும் அக்கா எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"நம்ம ஏரியிலயா? எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலியே சாமி. நீ கத்துனியோ, எனக்குத் தெரிஞ்சுதோ. இல்லைன்னா கும்புட்டுப் போட்டல்ல போயிருப்பேன்?"

கற்பூரத்தைத் திரும்பச் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டது. "பொதங்கெழம எத்தன மணிக்கு? நானும் வாரேன். நீ இப்பக் கத்துனாப்பலயே அங்கயும் கத்து."

ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைப்பதற்கு முன்னால் நீ கடைசியாகப் பேசியது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். ரிக் வேலையில் பாறைத் தூள் அடைத்த நெஞ்சை வைத்துக்கொண்டு, விட்டுவிட்டுச் சொன்னாய். "அவ தைரியசாலின்னு நாந்தான் ஊரெல்லாம் சொன்னேன். தப்பு மாப்ளே. அவ பயந்துட்டா. பயந்ததாலதான் கத்துனா." ஏதோ காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து உன் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன்.

பயம் எனக்குக் குறையவில்லை. பையனின் முகத்தைப் பார்க்கும்போது கூடத்தான் செய்கிறது. ஆனால் காலையில் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. மருமகள் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், புதன்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றாள். சரியாகாவிட்டாலும் பரவாயில்லை. இதே தொண்டையோடு போகிறேன்.