நின்ற இடம்

என்னங்க,

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. முட்டை வேக வைத்திருக்கிறேன், உரித்துக்கொள்ளுங்கள். சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால். இன்றிலிருந்து நான் மறுபடி கடை வேலைக்குப் போகிறேன்; வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஐந்து மணிக்கு டிராவல்ஸ்காரர் வருவார். மொராக்கோ டிக்கெட் வேண்டுமா, ரத்து செய்யலாமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். "குழந்தை பொறக்கறதுக்குள்ள ஃபெஸ் நகரத்தைப் பாத்துட்டு வந்துடலாம்"னு ஆசை காட்டியது நீங்கள்தான். இனி அந்த அவசரம் இல்லை.

குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொல்லி இருபது நாள் ஆகிறது. அதன்பிறகு உங்கள் வாயிலிருந்து வந்தது "சாப்டியா" மட்டும்தான். நேற்று நான் கத்தியது தப்புதான். ஆனால் நீங்கள் ஊமைக்கோட்டான் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

பி.கு.: உங்கள் பயண நோட்டைப் புரட்டினேன். ஊரையெல்லாம் அளக்கிற சர்வேயர் நீங்கள், எனக்காகச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்: "ஃபெஸ்ல பழைய ஊர்ப் பக்கம் எல்லாமே குறுகலான சந்து. நாம பிரிஞ்சுட்டா பயப்படாத. நின்ன இடத்துலயே நில்லு, நான் தேடி வர்றேன்."

இருபது நாளாக நின்ற இடத்திலேயேதான் நிற்கிறேன்.